ஹார்வி ஃபிளெச்சர்

ஹார்வி ஃபிளெச்சர் (செப்டம்பர் 11, 1884 – ஜூலை 23, 1981) ஓர் அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். மனிதப் பேச்சு, செவிப்புலன் ஆகியவற்றைப் பற்றிய அளவீட்டு ஆய்வுகளில் முன்னோடியாகக் கருதப்படுகிறார். ஓர் ஒலியின் சுருதி, அந்த ஒலி காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை எவ்வாறு மாற்றுகிறது என்பதை எண்களால் காட்டிய ஃபிளெச்சர்-மன்சன் வளைவுகள் (1933) இவருடைய பெயரைத் தாங்கியுள்ளன. செவித்திறன்மானி, மின்னணுக் காதொலிக் கருவி, திசையொலி ஆகியவற்றின் வளர்ச்சியிலும் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு. எதிர்மின்னியின் மின்னூட்டத்தை அளந்த புகழ்பெற்ற எண்ணெய்த்துளிச் சோதனையில் ராபர்ட் மில்லிக்கனுடன் இணைந்து உழைத்தவரும் இவரே. ஆனால் அச்சோதனையில் இவருடைய பங்கு இவர் இறந்த பின்னரே பரவலாக அறியப்பட்டது.

இளமையும் கல்வியும்

ஃபிளெச்சர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள புரோவோ என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூரிலேயே அமைந்த பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பயின்று 1907 ஆம் ஆண்டில் இளநிலைப் பட்டம் பெற்றார். 1908 இல் லொரீனா சிப்மன் என்பவரை மணந்து, மேற்படிப்புக்காகச் சிகாகோ சென்றார்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மில்லிக்கனின் மேற்பார்வையில் ஆய்வு செய்து, 1911 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டத்தை மிக உயர்ந்த சிறப்புடன் பெற்ற முதல் மாணவர் இவரே.

எண்ணெய்த்துளிச் சோதனை

அக்காலத்தில் மில்லிக்கன் எதிர்மின்னியின் மின்னூட்டத்தை அளக்க முயன்று கொண்டிருந்தார். மின்னூட்டம் பெற்ற நீர்த்துளிகளை மின்புலத்தில் நிறுத்தி அளப்பது அவர் கையாண்ட முறை. நீர்த்துளிகள் சில நொடிகளில் ஆவியாகிவிட்டதால் ஒரே துளியை நெடுநேரம் கவனிக்க இயலவில்லை. எளிதில் ஆவியாகாத ஒரு நீர்மத்தைப் பயன்படுத்த வேண்டிய தேவை எழுந்தது. ஃபிளெச்சர் எழுதி வைத்த குறிப்பின்படி, கைக்கடிகாரங்களுக்கு இடும் எண்ணெயையும் ஒரு தெளிப்பானையும் கொண்டு கருவியின் முதல் வடிவத்தை அமைத்தவர் அவரே. அதன்பின் ஆசிரியரும் மாணவரும் பல மாதங்கள் சேர்ந்து அளவீடுகளைச் செய்தனர்.

இந்த ஆய்விலிருந்து பல கட்டுரைகள் உருவாயின. முனைவர் பட்டத்திற்கு மாணவர் தாம் மட்டுமே ஆசிரியராக உள்ள ஒரு கட்டுரையை அளிக்கலாம் என்பது அன்றைய நடைமுறை. அதைச் சுட்டிக்காட்டிய மில்லிக்கன், வளிமங்களில் துகள்களின் பிரௌனியன் இயக்கத்தைப் பற்றிய கட்டுரை ஃபிளெச்சரின் பெயரிலும், எதிர்மின்னியின் மின்னூட்டத்தைப் பற்றிய கட்டுரை தம்முடைய பெயரிலும் மட்டுமே வரவேண்டும் என்று முன்மொழிந்தார். மாணவர் அதை ஏற்றுக்கொண்டார். மின்னூட்ட அளவீட்டுக்காகவும் ஒளிமின் விளைவு பற்றிய ஆய்வுக்காகவும் 1923 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு மில்லிக்கனுக்கு வழங்கப்பட்டது.

ஃபிளெச்சர் தம் வாழ்நாளில் இதுபற்றிப் பொதுவெளியில் முறையிடவில்லை. மில்லிக்கனுடன் அவருக்கு நல்லுறவு நீடித்தது. நடந்தவற்றை எழுதி ஒரு நண்பரிடம் அளித்து, தம் மறைவுக்குப் பின்னரே வெளியிடுமாறு கேட்டுக்கொண்டார். அக்குறிப்பு 1982 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'பிசிக்ஸ் டுடே' இதழில் வெளியாயிற்று. ஆய்வு மாணவரின் உழைப்புக்கு உரிய இடம் எது என்ற கேள்வி எழும்போது இன்றும் இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் குறிப்பிடப்படுகிறது.

தொலைபேசி நிறுவனத்தில் பணி

பட்டம் பெற்றபின் ஃபிளெச்சர் புரோவோவுக்குத் திரும்பி, 1916 வரை பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தார். அவ்வாண்டில் நியூயார்க்கில் இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் ஆய்வுப் பிரிவு 1925 இல் பெல் தொலைபேசி ஆய்வகங்கள் என்னும் தனி நிறுவனமாயிற்று. அங்கு ஒலியியல் ஆய்வுகளையும் பின்னர் இயற்பியல் ஆய்வுகளையும் வழிநடத்திய ஃபிளெச்சர், 1949 ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை பணியாற்றினார்.

தொலைபேசி நிறுவனத்துக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பேச்சில் உள்ள எல்லா அதிர்வெண்களையும் நெடுந்தொலைவுக்கு அனுப்புவது பெருஞ்செலவு பிடிக்கும் செயல். எவற்றை விட்டுவிட்டாலும் பேச்சு புரியும், எவற்றை விடவே கூடாது என்பதை அறிய வேண்டியிருந்தது. மின்கருவிகளால் மட்டும் இதை அறிய முடியாது. கருவி அளப்பது காற்றில் உள்ள ஆற்றலை. கேட்பதோ மனிதனின் காது. எனவே கேட்பவரையே ஓர் அளவுகருவி போல முறைப்படி சோதிக்கும் வழியை ஃபிளெச்சரும் அவருடன் பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்தனர்.

பேச்சின் ஆற்றல்

மனிதப் பேச்சில் உள்ள ஆற்றல் வியக்கத்தக்க அளவு சிறியது. இயல்பான உரையாடலின் சராசரித் திறன் ஏறத்தாழ 10 மைக்ரோவாட் என்று ஃபிளெச்சரின் அளவீடுகள் காட்டின. அதாவது 40 லட்சம் பேர் ஒரே நேரத்தில் பேசினால் கிடைக்கும் ஒலித்திறன், ஒரு 40 வாட் மின்விளக்கு எடுத்துக்கொள்ளும் திறனுக்கு ஈடாகும். உரக்கப் பேசும்போது இது ஏறத்தாழ 100 மடங்கு உயர்கிறது. மெல்லிய கிசுகிசுப்பில் 10,000 மடங்கு வரை குறைகிறது.

ஒரே அளவான குரலில் பேசும்போதும் எல்லா எழுத்தொலிகளும் சமமான ஆற்றலைப் பெறுவதில்லை. ஆங்கில ஒலிகளை ஒப்பிட்ட ஃபிளெச்சர், 'டாக்' என்னும் சொல்லில் வரும் உயிரொலி மிகவும் வலியது என்றும், 'தின்' என்னும் சொல்லின் தொடக்கத்தில் நாநுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஒலிக்கும் மெய்யொலி மிகவும் நலிந்தது என்றும் கண்டார். இவற்றின் திறன்களுக்கு இடையிலான விகிதம் 680:1 ஆகும்.

உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் குவிந்துள்ளது. மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் நுண்கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில், மிகச் சிறிய ஆற்றலுடன் உள்ளன. வடிகட்டிகளைக் கொண்டு தாழ்ந்த அதிர்வெண்களை நீக்கினால் பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆயினும் பேச்சு புரிகிறது. உயர்ந்த அதிர்வெண்களை நீக்கினால் ஆற்றல் சிறிதே குறைகிறது. ஆயினும் பேச்சின் தெளிவு பெரிதும் கெடுகிறது. ஆற்றல் வேறு, தெளிவு வேறு என்ற இந்த முடிவு தொலைபேசி அமைப்புகளின் வடிவமைப்புக்கு அடிப்படையாக அமைந்தது.

சுருதியும் உரப்பும்

ஒலியின் செறிவு என்பது அது சுமந்து வரும் ஆற்றலைக் குறிக்கும் இயற்பியல் அளவு. அது டெசிபெல் அலகில் கூறப்படுகிறது. 10 டெசிபெல் உயர்வு என்பது ஆற்றல் பத்து மடங்காவதைக் குறிக்கும். உரப்பு என்பது அவ்வொலி கேட்பவருக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதைக் குறிக்கும் உணர்வு. இவ்வாறே அதிர்வெண் என்பது இயற்பியல் அளவு. சுருதி என்பது அதனால் எழும் உணர்வு.

செறிவு சமமாக உள்ள இரு ஒலிகள் சமமான உரப்புடன் கேட்பதில்லை என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. அதை விரிவாக அளந்து காட்டிய ஆய்வை ஃபிளெச்சரும் வில்டன் மன்சனும் 1933 ஆம் ஆண்டில் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் வெளியிட்டனர். சோதனை முறை எளிமையானது. கேட்பவரின் காதுகளில் கேட்பொறிகளைப் பொருத்தி, 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தூய ஒலி ஒன்றையும் வேறு அதிர்வெண் கொண்ட மற்றோர் ஒலியையும் மாறிமாறி ஒலிக்கச் செய்தனர். எது உரக்கக் கேட்கிறது என்று கேட்பவர் கூற வேண்டும். இரண்டும் சமமாகத் தோன்றும் செறிவு குறித்துக் கொள்ளப்பட்டது. 62 ஹெர்ட்ஸ் முதல் 16,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கும், கேட்புத் தொடக்கம் முதல் மிகப்பெரும் உரப்பு வரையிலான பல படிகளுக்கும் இவ்வாறு செய்து கிடைத்த புள்ளிகளை இணைத்தபோது, சமவுரப்பு வளைவுகள் உருவாயின.

இவ்வளவீடுகளிலிருந்து பெறப்படும் முக்கிய முடிவுகள் பின்வருமாறு:

முதலாவது, காது எல்லாச் சுருதிகளையும் சமமாக மதிப்பதில்லை. 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அது மிகவும் கூர்மையானது. புறச்செவிக் குழாயின் ஒத்ததிர்வு இதற்கு ஒரு காரணம். தாழ்ந்த அதிர்வெண்களில் காது மந்தமாகிறது. பிற்கால அனைத்துலகச் சீர்தர அளவுகளின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் செறிவுடைய ஒலிக்குச் சமமான உரப்பைப் பெற, 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 64 டெசிபெல் தேவைப்படுகிறது. ஆற்றலில் இது ஏறக்குறைய 250 மடங்கு வேறுபாடு ஆகும்.

இரண்டாவது, இந்த வேறுபாடு நிலையானதன்று. மெல்லிய ஒலிகளில் மிகுதியாகவும், மிக உரத்த ஒலிகளில் குறைவாகவும் உள்ளது. வானொலியின் ஒலியைக் குறைக்கும்போது இசையின் தாழ்ந்த சுரங்கள் முதலில் மறைவதற்கும், ஒருவரின் பேச்சை இயல்பைவிட மிகைப்படுத்தி ஒலிபெருக்கியில் கேட்கும்போது குரல் முழக்கமாக ஒலிப்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது, உரப்பைக் கணக்கிட இயலும். இரு காதுகளாலும் கேட்கும் ஒலி ஒரு காதால் கேட்பதைப் போல் இரு மடங்கு உரப்புடையது என்னும் கருதுகோளைக் கொண்டு, பல அதிர்வெண்கள் கலந்த ஒலியின் உரப்பைக் கணிக்கும் முறையையும் அவ்விருவரும் வகுத்தனர்.

பேச்சுக் குரலில் இதன் விளைவு

தூய ஒலிகளுக்குக் கிடைத்த முடிவைப் பேச்சுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆண்களின் பேச்சுக் குரலில் குரல்நாண்கள் பொதுவாக நொடிக்கு 100 முதல் 130 முறையும், பெண்களின் குரலில் 200 முறை அளவிலும் அதிர்கின்றன. வளைவுகளை மட்டும் பார்த்தால் ஆண்குரல் மிக மெலிதாகக் கேட்க வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. காரணம், குரல் ஒரு தூய ஒலி அன்று. அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு எனப் பல மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. காது கூர்மையாக உள்ள பகுதியில் விழும் மேற்சுரங்களே குரலின் உரப்பில் பெரும்பங்கு வகிக்கின்றன.

ஒருவர் குரலை உயர்த்தும்போது நுரையீரலில் இருந்து வரும் காற்றின் அழுத்தம் கூடுகிறது, குரல்நாண்கள் இறுகுகின்றன, அவை மூடிக்கொள்ளும் வேகமும் மிகுகிறது. இதனால் சுருதி உயர்வதுடன், உயர்ந்த மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணைவிட விரைவாக வலுப்பெறுகின்றன. ஆற்றல் காதின் கூர்மையான பகுதியை நோக்கி நகர்கிறது. ஆகவே கூவி அழைக்கும் குரலின் உரப்பு, அதில் கூடிய ஆற்றலால் மட்டும் விளைந்ததன்று. அவ்வாற்றல் எந்த அதிர்வெண்களில் சேர்ந்தது என்பதாலும் விளைந்தது. சுருதி உயர்ந்த குரல் எப்போதும் உரக்கக் கேட்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. மேற்சுரங்கள் நலிந்த உயர்ந்த குரலை, மேற்சுரங்கள் செறிந்த தாழ்ந்த குரல் உரப்பில் வெல்லக் கூடும்.

தொலைபேசி இதற்கு நல்ல சான்று. மரபான தொலைபேசித் தடம் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே கடத்துகிறது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் கம்பியில் செல்வதே இல்லை. ஆயினும் கேட்பவருக்கு அது ஆண்குரலாக, அதே சுருதியில் கேட்கிறது. அடுத்தடுத்த சில மேற்சுரங்கள் இருந்தாலே இல்லாத அடிப்படைச் சுரம் உணரப்படுகிறது என்பதை ஃபிளெச்சர் 1920களில் சோதனைகளால் காட்டினார். காதின் நேரியல்பற்ற தன்மை அச்சுரத்தை உள்ளேயே தோற்றுவிக்கிறது என்று அவர் விளக்கினார். யான் ஸ்கௌட்டன் முதலிய பிற்கால ஆய்வாளர்கள் அவ்விளக்கம் போதாது என்று நிறுவினர். நிகழ்வு உண்மையென நிலைத்தது, விளக்கம் மாறியது.

செறிவு கூடும்போது சுருதியும் சற்று மாறித் தோன்றுகிறது என்பதையும் ஃபிளெச்சர் 1934 இல் ஆராய்ந்து வெளியிட்டார். தாழ்ந்த அதிர்வெண் கொண்ட தூய ஒலியை உரக்க ஒலித்தால் அதன் சுருதி இன்னும் தாழ்ந்து தோன்றும். மேற்சுரங்கள் நிறைந்த ஒலிகளில் இவ்விளைவு மிகவும் குறைவு. குரலை உயர்த்தும்போது பாட்டின் சுருதி குலைந்து தோன்றாமைக்கு இது ஒரு காரணம்.

பேச்சுத் தெளிவை அளத்தல்

பேச்சுத் தடம் ஒன்றின் தரத்தை அளக்கப் பொருளற்ற அசைகள் பயன்படுத்தப்பட்டன. ஒருவர் அசைகளை வாசிக்க, மறுமுனையில் இருப்போர் கேட்டதை எழுதினர். பொருளுள்ள சொற்களைக் கேட்பவர் ஊகித்துவிடக் கூடும் என்பதால் பொருளற்ற அசைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வோர் ஒலியும் சரியாகக் கேட்கும் வாய்ப்பு 90 விழுக்காடு எனில், மூன்று ஒலிகள் கொண்ட அசை முழுவதும் சரியாகக் கேட்கும் வாய்ப்பு 0.9 × 0.9 × 0.9, அதாவது ஏறத்தாழ 73 விழுக்காடு மட்டுமே.

அதிர்வெண் பரப்பைச் சமமான பங்களிப்பு உடைய 20 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கேட்கக்கூடிய அளவைக் கொண்டு தெளிவைக் கணிக்கும் முறை இவ்வாய்வுகளின் தொடர்ச்சியாக உருவானது. இதுபற்றி ஃபிளெச்சரும் ரோஜர்ஸ் கால்ட்டும் எழுதிய விரிவான கட்டுரை 1950 இல் வெளிவந்தது. இரைச்சல் ஓர் ஒலியை மறைக்கும்போது, அவ்வொலிக்கு அருகில் உள்ள குறுகிய அதிர்வெண் பட்டையில் அமைந்த இரைச்சலே மறைப்புக்குக் காரணமாகிறது என்று ஃபிளெச்சர் 1940 இல் காட்டினார். மாறுநிலைப் பட்டை எனப்படும் இக்கருத்து, எம்பி3 போன்ற ஒலிச்சுருக்க முறைகளுக்குப் பின்னாளில் அடித்தளமாயிற்று.

செவித்திறன் குறைந்தோருக்கான பணி

தொலைபேசிக்காக உருவான கருவிகள் மருத்துவத்துக்கும் பயன்பட்டன. ஃபிளெச்சரும் உடன்பணியாற்றியவர்களும் 1920களின் தொடக்கத்தில் வெற்றிடக் குழாய்களைக் கொண்ட செவித்திறன்மானிகளை உருவாக்கினர். அதற்கு முன் மருத்துவர்கள் இசைக்கவையையும், கைக்கடிகாரத்தின் ஓசையையும், கிசுகிசுப்பையும் கொண்டே செவித்திறனை மதிப்பிட்டு வந்தனர். புதிய கருவி ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இழப்பு எவ்வளவு என்பதை வரைபடமாகக் காட்டியது.

பள்ளிகளுக்கென அமைந்த மற்றொரு கருவி, இசைத்தட்டில் பதிந்த எண்களைப் படிப்படியாகக் குறையும் உரப்பில் ஒலித்தது. 40 மாணவர்கள் வரை ஒரே நேரத்தில் கேட்பொறிகளை அணிந்து, கேட்ட எண்களை எழுதலாம். வகுப்பில் கவனமற்றவராகக் கருதப்படும் குழந்தை உண்மையில் சரியாகக் கேளாத குழந்தையா என்பதைச் சில நிமிடங்களில் அறிய இது வழிசெய்தது. உயர்ந்த அதிர்வெண்களில் மட்டும் கேட்கும் திறனை இழந்தவர்கள் குரலைக் கேட்பார்கள், ஆனால் சொற்களைப் பிரித்தறிய மாட்டார்கள். அவர்களிடம் உரக்கக் கத்துவதால் பயன் குறைவு. அது ஏற்கெனவே கேட்கும் உயிரொலிகளையே மேலும் பெரிதாக்குகிறது. செவித்திறன் குறைந்தோர்க்கான அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பின் தலைவராகவும் ஃபிளெச்சர் பணியாற்றினார்.

திசையொலி

1933 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியா நகரில் இசைக்குழு ஒன்று வாசித்த இசை, மூன்று ஒலிவாங்கிகளின் வழியாகவும் மூன்று தொலைபேசித் தடங்களின் வழியாகவும் வாஷிங்டன் நகரின் கான்ஸ்டிடியூஷன் அரங்குக்கு அனுப்பப்பட்டு, மூன்று ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. புகழ்பெற்ற இசை நடத்துநர் லியோபோல்டு ஸ்டோக்கோவ்ஸ்கி வாஷிங்டனில் அமர்ந்து உரப்பைக் கட்டுப்படுத்தினார். மேடையில் எவரும் இல்லாதபோதும் கருவிகள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்திலிருந்து ஒலிப்பதாக அவையோர் உணர்ந்தனர். இம்முயற்சியை வழிநடத்தியவர் ஃபிளெச்சர். 1940 இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பதிவுசெய்யப்பட்ட திசையொலியும் காட்டப்பட்டது.

பிற்காலம்

பெல் ஆய்வகங்களிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1949 முதல் 1952 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பின்னர் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, ஆய்வுகளை வழிநடத்தியதுடன் அங்குப் பொறியியல் கல்வியை வளர்த்தெடுத்தார். பியானோ முதலிய இசைக்கருவிகளின் ஒலிப்பண்பை முதுமையிலும் ஆராய்ந்து வந்தார். பேச்சும் கேட்டலும் பற்றி இவர் எழுதிய நூல் 1929 இலும், அதன் விரிவான மறுவடிவம் 1953 இலும் வெளிவந்தன.

இவருடைய மகன்களுள் ஒருவரான ஜேம்ஸ் ஃபிளெச்சர், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் தலைவராக 1971–1977, 1986–1989 ஆகிய காலங்களில் பணியாற்றினார். ஹார்வி ஃபிளெச்சர் 1981 ஜூலை 23 அன்று புரோவோவில் தம் 96 ஆம் அகவையில் காலமானார்.

சிறப்புகள்

1924 இல் பிராங்க்ளின் நிறுவனத்தின் லூயிஸ் லெவி பதக்கம் பெற்றார். 1929 இல் தொடங்கிய அமெரிக்க ஒலியியல் கழகத்தின் முதல் தலைவர் இவரே. 1935 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். 1945 இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் தலைவராக இருந்தார். அமெரிக்க ஒலியியல் கழகத்தின் மதிப்புறு உறுப்பினராகத் தாமஸ் எடிசனுக்கு அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் இவரே (1949). ஒலித் தொழில்நுட்பத்துக்கு ஆற்றிய பங்களிப்புக்காக 2016 இல், மறைவுக்குப் பின், கிராமி தொழில்நுட்ப விருது இவருக்கு வழங்கப்பட்டது.

வளைவுகளின் பிற்கால வரலாறு

1936 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஒலிமட்டமானிச் சீர்தரத்தில், தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து மதிப்பிடும் ஏ-எடையிடல் முறை 40 படிநிலைச் சமவுரப்பு வளைவைத் தழுவி அமைந்தது. தெரு இரைச்சலையும் தொழிற்சாலை இரைச்சலையும் அளக்க இம்முறையே பெரிதும் கையாளப்படுகிறது. 1956 இல் ராபின்சன், டாட்சன் ஆகியோர் புதிய வளைவுகளை வெளியிட்டனர்; அவை அனைத்துலகச் சீர்தரமாக ஏற்கப்பட்டன. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2003 இல் அச்சீர்தரம் திருத்தப்பட்டபோது, தாழ்ந்த அதிர்வெண்களில் புதிய அளவுகள் 1956 ஆம் ஆண்டின் வளைவுகளைவிட 1933 ஆம் ஆண்டின் வளைவுகளுக்கே நெருக்கமாக இருந்தன. 2023 இல் மீண்டும் சிறு திருத்தங்கள் செய்யப்பட்டன. சீர்தரம் மாறிய போதிலும், ஒலிப்பொறியாளர்களிடையே சமவுரப்பு வளைவுகள் இன்றும் ஃபிளெச்சர்-மன்சன் வளைவுகள் என்ற பெயராலேயே பரவலாக வழங்கி வருகின்றன.